பென்சில் வரிகள்

எதிர்வீட்டுத் தையற்காரி சொல்வது சுத்தப் பொய். என் தங்கைக்குப் புத்தியும் பிசகவில்லை, திமிரும் ஏறவில்லை. "நாலு பழைய காகிதத்துக்காகவா அறுபத்தாறு வயசுல புருஷனை விட்டுட்டுப் போவா?" என்று தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும். அந்த வீட்டில் கூடவே இருந்தவள் நான்.

முப்பது வருஷம் அவளும் அவள் வீட்டுக்காரரும் ரேடியோவுக்கு நாடகம் எழுதினார்கள். அடுப்பில் பால் பொங்கும். இவள் கையில் பென்சில் இருக்கும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுவாள். வேலை முடிந்து வந்து அந்த இடைவெளியில் அவர் பேனாவால் படி எடுப்பார். அங்கங்கே ஒரு சொல்லை மாற்றுவார், அவ்வளவுதான். ரேடியோ ஆபீசில் பேனா வரியைப் பார்த்து டைப் அடிப்பார்கள். ஒலிபரப்பில் இரண்டு பேர் பெயரும் வரும்.

"நாடகத்துல வர்ற அந்த வாயாடி மாமியார் யாருடி?" என்பேன்.

"நீதான்க்கா, வேற யாரு?" என்பாள்.

போன மாதம் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காகிதங்களை வாங்கிப் பத்திரப்படுத்தப் போகிறார்களாம். "யார் எதை எழுதினாங்கன்னு கையெழுத்தை வெச்சுத்தான் பதிவு பண்ணுவோம்" என்றார். தங்கைக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பேச்சு எனக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரம் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த மனுஷன் கட்டுக்கட்டாகக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, சும்மாத்தானே இருக்கீங்க? பென்சில் கறையெல்லாம் அழிச்சுக் குடுங்க. பேனா எழுத்து மேல ரப்பர் படக் கூடாது."

படிதான் எடுத்தாயிற்றே, இது இனி எதற்கு என்று நானும் நினைத்தேன். ஒவ்வொருத்தர் எழுத்தும் ஒரு மாதிரி என்று எனக்கு எப்படித் தெரியும்? விரல் நோக அழித்தேன்; கடைசி இரண்டு கட்டு மட்டும் மிச்சம் நின்றது. "உங்க கை சுத்தம் யாருக்கு வரும்!" என்று டீ வேறு போட்டுக் கொடுத்தார், பாவி.

காப்பகத்து அம்மா பெட்டிகளோடு வந்த அன்று தங்கை முதல் கட்டைப் பிரித்தாள். நாலைந்து தாள் புரட்டினாள். வெறும் வரிகளை விரலால் தடவினாள்.

"எல்லாம் ஒரே ஆள் எழுத்தா இருக்கேம்மா?" என்றார் வந்தவர்.

தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தாள். "என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணினேன். நமக்குள்ள யார் எழுத்து இருந்தா என்ன?"

"அப்போ உங்களதை அழிச்சிருக்கலாமே."

அவர் என் பக்கம் கையை நீட்டினார். "நான் தொடவே இல்ல. அழிச்சது உன் அக்காதான்."

நான் விரல்களை முந்தானைக்குள் மறைத்தேன்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுதானே அவகிட்ட குடுத்தீங்க?" என்றாள்.

அழவில்லை. நான் அழிக்காமல் விட்டிருந்த இரண்டு கட்டுகளைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற? நில்லுடி, நானும் வரேன்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கினாள்.