பூவாடைக்காரி தடுத்த மருந்து

என் பொண்ணு கவிக்கு எட்டு வயசு. தூங்கும்போது அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வரும். நின்ன மூச்சு திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரே இருக்காது. தொண்டைக்குள்ள சதை வளர்ந்திருக்கு, ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. மயக்க மருந்துன்னு காதுல விழுந்ததும் மனசுக்குள்ள ராணியைக் கூப்பிட்டேன் தாயே!

ஏன்னா எங்க வூட்டு சாமி ராணி. என் வூட்டுக்காரருக்குத் தங்கச்சி. கை ஒடஞ்சு ஆபரேஷனுக்குப் போனவ வூடு திரும்பல. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே நடந்தது, போட்டோவுலதான் பார்த்திருக்கேன். எப்படிப் போனான்னு மாமியா ஒரே ஒரு தடவ காதோட சொன்னதுதான். கல்யாணம் ஆகாம போன பொண்ணைப் பூவாடைக்காரின்னு பாவாடை, பூ வெச்சுப் படையல் போட்டுக் கும்புடறது எங்க பக்கத்து வழக்கம். செத்துட்டான்னு யாரும் வாயத் தொறக்க மாட்டோம். சாமி ஆயிட்டான்னுதான் சொல்லுவோம்.

மயக்க மருந்து குடுக்கற டாக்டரம்மா தங்கமான பொண்ணு. மூக்குல மாஸ்க் வெச்சு காத்தா மருந்து குடுக்கும்போது, எப்படிக் குடுத்தா குழந்தைங்க பயப்படாம தூங்கி பத்திரமா முழிக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தாங்க. கவியையும் சேர்த்துக்கலாமான்னு கேட்டாங்க, சரின்னோம். "உங்க குடும்பத்துல யாராவது மயக்க மருந்துல இறந்திருக்காங்களா?"ன்னாங்க.

"அப்படி யாரும் இல்லீங்க"ன்னாரு வூட்டுக்காரரு. பொய் சொல்லல அவரு. நானும் தலையாட்டினேன். சாமியைப் போயி செத்தவங்களோட சேர்க்க எங்களுக்கு வாய் வராது.

ஆபரேஷன் அன்னிக்கு காலையில தியேட்டர் வாசல்ல கவியை மடியில போட்டுக்கினு உக்காந்திருந்தேன். ஜன்னல்ல கல்வராயன் மலை பாதிதான் தெரிஞ்சுது, மீதி பனியில கரைஞ்சுபோயிருந்துது. அதையே பாத்துக்கினு இருந்தேனா, கண்ணு சொக்கிடுச்சு. கனவா நெனவா, இன்னிக்கும் தெரியல. அந்தப் பனியிலேருந்து ராணி நடந்து வர்றா. போட்டோவுல இருக்கற அதே பாவாடை, தலை நெறைய கனகாம்பரம். பக்கத்துல வந்து உக்காந்து கவி மூக்கைத் தன் கையால மெதுவா மூடறா. எனக்குப் பயமே வரல. அழுகைதான் வந்துது.

"ஆத்தா ராணி, மூக்குல மருந்து வெச்சதும் ஒடம்பு நெருப்பா கொதிச்சு, வெறைச்சுத்தானே நீ போன. என் பொண்ணை எனக்குக் குடுத்துடு ஆத்தா!"

மனசுக்குள்ள வேண்டிக்கினதாத்தான் நெனச்சேன். வாய்விட்டே சொல்லியிருக்கேன். முழிச்சா எதிர்ல டாக்டரம்மா.

"யாரும்மா ராணி? யாருக்கு ஒடம்பு கொதிச்சுது?"

"சும்மா இருடி, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல..."ன்னு பல்லைக் கடிச்சாரு வூட்டுக்காரரு. எனக்கு எங்கிருந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ.

"நீ சும்மா இருய்யா! அவ சாமிதான். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் சாமி ஆனா!"

எல்லாத்தையும் கேட்ட டாக்டரம்மா அப்படியே என் கையைப் புடிச்சுக்கினாங்க. சில குடும்பத்து ரத்தத்துல இது வருமாம். அந்தக் காத்து மருந்து பட்டா ஒடம்பு கொதிச்சு உசுரையே எடுத்துடுமாம். கவிக்கும் இருக்கலாம்னாங்க. அன்னிக்கு ஆபரேஷனை நிறுத்திட்டாங்க. அப்புறம் இன்னொரு நாள், எல்லா ஏற்பாடும் பண்ணிக்கினு, காத்து மருந்தே இல்லாம ஊசியிலேயே தூங்க வெச்சாங்க. முழிச்ச கவி, "அம்மா, ஐஸ்கிரீம் எப்ப?"ன்னா. நான் அங்கேயே தரையில விழுந்து கும்புட்டேன்.

இப்ப படையல் போடும்போது ராணி எப்படிப் போனான்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் என் வூட்டுக்காரரே சொல்றாரு. சொல்லும்போது அழுவாரு. அவ ரத்தம்தானே அவங்களுக்கும்.

கவியைத் திரும்பக் காட்டப் போனப்ப, டாக்டரம்மா வேற ஒரு குடும்பத்துக்கிட்ட பேசிக்கினு இருந்தாங்க. "உங்க வூட்டுல பூவாடைக்காரி கும்புடுவீங்களா? அவங்க எப்படி சாமி ஆனாங்க?" எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

நம்புங்க தாயிங்களா, கூப்பிட்டா வருவா. மனசுக்குள்ளயே கூப்பிடாதீங்க, வாய்விட்டுக் கூப்பிடுங்க. பக்கத்துல டாக்டர் நின்னா இன்னும் சத்தமாவே கூப்பிடுங்க.