நான்தான் ஆதாரம்

குழந்தைகள் மருத்துவமனைச் சுவரில் குடை பிடித்து நிற்கும் திமிங்கலத்தை வரைந்தது, எல்லோரும் பெயின்டரம்மா என்று கூப்பிடும் பெண்தான். பதினோரு நாள் சாரத்தில் நின்று, கழுத்துச் சுளுக்கோடு வரைந்தாள். அப்போது பிரஷ் கழுவிக் கொடுத்தது அவளுடைய அக்கா மகள்.

அதே அக்கா மகள், ஓவிய வகுப்பு வீட்டுப்பாடத்துக்கு அந்தத் திமிங்கலத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அக்கா வீட்டு மேசைமேல் கிடந்த நோட்டைப் புரட்டிய பெயின்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘வரைந்தவர்: தெரியவில்லை. ஆதாரம்: இணையம்.’

“ஏன்டி, என்னை உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சித்தி. ஆனா அந்தச் சுவரோட போட்டோ இருந்த இணையதளத்துல, வரைஞ்சவர் தெரியலைன்னுதான் போட்டிருக்கு. உங்க பேரை எழுதினா, ஆதாரம் எங்கேன்னு கேட்டு மார்க்கைக் குறைச்சிடுவாங்க.”

“விடேன், ஒரு நோட்டுக்குப் போயி” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து. எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததுபோல் ஆயிற்று. எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவளைத் தெரியவில்லை என்று எழுதினால்தான் மார்க் என்றால், அது என்ன படிப்பு?

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், பெயின்ட் படிந்த சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். ஓவிய ஆசிரியர் நோட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்தத் திமிங்கலம் நான் வரைஞ்சது.”

“சரிங்க. ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணுமில்ல?”

“நான்தான் ஆதாரம். போட்டோ புடிச்சவன் சொன்னா ஆதாரம், வரைஞ்சவ சொன்னா இல்லையா? லெட்டர் யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்டா, தபால்ல வந்துச்சுங்கற மாதிரியில்ல இருக்கு, இணையம்னு எழுதறது?”

ஆசிரியர் பேனாவை மூடிவைத்தார்.

“நேர்ல கேட்டதையும் ஆதாரமா எழுதலாங்க. யாரைக் கேட்டோம், என்னிக்குக் கேட்டோம்னு போட்டாப் போதும். அதை நான் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரலை. தப்பு என்மேலதான்.”

திருத்தி எழுதச் சொல்லி வகுப்பு மொத்தத்துக்கும் நோட்டு திரும்பிப் போயிற்று. சாயங்காலம் அக்கா மகள் வந்து கேட்டுக் கேட்டு எழுதினாள்: ஆண்டு, இடம், எந்த வகைப் பெயின்ட், படம் கிடைத்த தளத்தின் முகவரி, அதைப் பார்த்த தேதி.

“தலைப்பு என்ன சித்தி?”

“தலைப்பெல்லாம் வைக்கலை. வைக்கலைன்னே எழுது, இட்டுக்கட்டாதே. என் பேரை மட்டும் இனிஷியலோட எழுது.”

அந்த இணையதளத்துக்கும் திருத்தச் சொல்லி எழுதிப் போட்டார்கள். பதிலே இல்லை.

அடுத்த வாரம் வேறு இரண்டு பிள்ளைகள், வங்கிச் சுவரிலிருக்கும் குதிரைகளை வரைந்தது யாரென்று கேட்டு அவளிடம் வந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அவளுக்குப் போட்டியாகக் குறுக்கே வந்து நிற்கும் ஒரு பெயின்டர் வரைந்தவை அவை.

“அந்த ஆளுக்கும் எனக்கும் ஆகாது” என்றாள், முகத்தைச் சுளித்துக்கொண்டே. “ஆனா வரைஞ்சது அவருதான். போய்க் கேட்டு எழுதுங்க.”

அவர் வீட்டுக்கு வழியும் சொல்லி அனுப்பினாள்.