செருப்புப் பக்கம் போன ஒட்டகங்கள்

ஞானசிகாமணியும் மகள் எமிமாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அட்டை கோர்த்தது.

துளை போட்ட அட்டைகள், இருநூற்று நாற்பது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொன்றாகப் போய், எந்த இழை எழ வேண்டும் என்று சொல்பவை. வரிசை தவறினால் படம் தவறும். துளை போட்டு அடுக்கி வைத்தது அப்பா. நூலில் கோர்த்துச் சங்கிலியாக்குவது மகளின் வேலை.

"நம்பர் பாத்துக் கோத்துடும்மா."

"ப்பா, ஒரகடம் ஃபேக்டரியில ஒரு நாளைக்கு எண்ணூறு பிரேக் செக் பண்றவ நான். எனக்கே சொல்றியா?"

"பிரேக்கு வேற, ஒட்டகம் வேற."

அவள் நம்பர் பார்க்கவில்லை. மேலே இருந்ததை முதலில் எடுத்தாள். அடுக்கும்போது கடைசி அட்டைதானே மேலே வரும்? அது அப்போது தோன்றவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார். ஒன்று தன் வாய்க்கு, ஒன்று அவள் வாய்க்கு.

பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தெட்டு வருடம் அட்டை அடித்தவர் அவர். அன்னம், யாளி, மாங்காய் எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடத் துளை போடுவார். எத்தனையோ கல்யாணப் பெண்களின் முந்தானையில் அவருடைய அன்னம் மேய்ந்தது. சர்ச்சுக்கு மட்டும் ஒன்றும் செய்ததில்லை. அறுபத்தெட்டாம் வயதில் அந்தக் குறை உறுத்தியது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமும் பீடத்தின் முன்னால் தொங்க ஊதாப் பட்டில் ஒரு துணி. அதன் கரையில், பிறந்த இயேசுவைத் தேடி மூன்று ஒட்டகங்களில் வரும் சாஸ்திரிகள். கோடியில் அவர்களுக்கு வழிகாட்டிய நட்சத்திரம்.

சிக்கல் ஒன்றுதான். கை யாளிக்குப் பழகியிருந்தது. தறிக்காரர் கந்தன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணே இது? முதுகு வீங்கின யாளியா?"

"ஒட்டகம்பா."

"மீசை வச்சிக்கினு இருக்குது?"

"சாஸ்திரிங்க ஏறிப் போற ஒட்டகம். அதுக்குன்னு ஒரு மரியாதை வேணாமா?"

நவம்பர் இரண்டாம் புதன்கிழமை காலை ஞானசிகாமணி பால் வாங்கி வந்தார். பாக்கெட்டை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். மாரடைப்பு என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் நம்பிக்கையோடு இரு என்றார்கள். எமிமா எல்லோருக்கும் டீ போட்டாள்.

பதினேழு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம், துணி தறியிலிருந்து இறங்கியது. மறுநாள் அந்த நான்கு வாரத்தின் தொடக்கம், வருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கந்தன் வீட்டில் அதை விரித்துப் பார்த்தாள். ஊதா அருமை. ஜரிகை அருமை. இடக்கோடியில் நட்சத்திரம் எட்டு முனையோடு ஜொலித்தது. மூன்று ஒட்டகங்களும் மீசையோடு, மிடுக்கோடு, நட்சத்திரத்துக்கு வாலைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தன.

அவள் இவ்வளவு வேகமாக எந்தப் பிழையையும் கண்டுபிடித்ததில்லை. நட்சத்திரத்துக்குத் தனி அட்டைக் கட்டு. அதைக் கோர்த்தவர் அப்பா.

"ரிஜெக்ட்," என்றாள்.

"இன்னா பாப்பா?"

"இத மாட்ட வேணாம் மாமா. பழைய துணியே போதும். நான்தான் கடைசி அட்டைய முதல்ல வச்சு, தலைகீழா கோத்துட்டேன். அவரு ஆசையா செஞ்சது. கெடுத்துட்டேன். அதுகூடத் தெரியாம போயிட்டாரு."

"தெரியாமலா? மொத ஒட்டகம் நெய்ய சொல்லவே வந்து பாத்தாரே! சிரிச்ச சிரிப்புல தறிக் குழியில உழுந்துடுவாருன்னு நான் சட்டையப் புடிச்சிக்கினு நின்னேன்."

"அப்போ ஏன் மாத்தல?"

"பிரிச்சிக் கோத்துடட்டுமான்னு கேட்டேன். பாப்பா கோத்தது, அப்படியே நெய்யின்னுட்டாரு. எண்ணூறு பிரேக்கு செக் பண்ற கைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சர்ச்சுல எல்லாரும் இருக்க சொல்ல உன் மானத்த வாங்கணும்னு ஒரே துடிப்பு."

எமிமாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு நாளில் முதல் தடவை. பாதி வழியில் அது வேறு எதுவாகவோ மாறியது. கந்தன் எதையோ தேடுவது போலத் தறிக்குள் குனிந்துகொண்டார்.

பிறகு இருவருமாகத் துணியைச் சர்ச்சுக்குக் கொண்டுபோய்ப் பீடத்தில் மாட்டினார்கள். பாஸ்டர் ஜோசுவா எட்டி நின்று பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்தும் பார்த்தார்.

"ஏம்மா, இவங்க எங்க கிளம்பிட்டாங்க?"

ஒட்டகங்கள் போகும் திசையில் பக்கவாட்டுக் கதவு. அதற்கு வெளியே சபையார் செருப்பு விடும் இடம்.

"செருப்புக்கிட்ட, பாஸ்டர்."

"நாளைக்கு முதல் மெழுகுவர்த்தி, நம்பிக்கை மெழுகுவர்த்தி ஏத்துறோம். ஆண்டவர் வரப்போறாருன்னு நான் பிரசங்கம் பண்ணுவேன். பின்னால மூணு பேரு போதும்டா சாமின்னு எழுந்து போனா நல்லாவா இருக்கும்?"

"அதுக்கும் அண்ணன் வழி சொன்னாருங்க," என்றார் கந்தன். "ஒட்டகத்தத் திருப்ப வேணாம். அந்தக் கதவுக்கு மேல இன்னொரு நட்சத்திரம் கட்டிட்டா, அதப் பாத்துப் போறதா ஆயிடும்னாரு. புதன்கிழமை கடைக்குப் போய் வாங்குறேன்னாரு."

"எந்தப் புதன்?" என்றாள் எமிமா.

கந்தன் துணியின் ஓரத்தை இழுத்துவிட்டார். அப்பா பால் பாக்கெட்டை மேசைமேல் வைத்த புதன்.

கதவைப் பார்த்தாள். பிழையைத் திருத்தாமல், பிழை போய்ச் சேரும் இடத்தில் ஒரு விளக்கைக் கட்டுவது. அவளுடைய ஆலைக் கையேட்டில் அப்படி ஒரு முறை கிடையாது. ஆனால் வேலை செய்யும். நிச்சயம் வேலை செய்யும்.

"செருப்புக்கு மேல நட்சத்திரமா?" பாஸ்டர் இழுத்தார்.

"அந்த நட்சத்திரமும் மாட்டுக் கொட்டாய்க்கு மேல நின்னதுதானே, பாஸ்டர்," என்றாள் எமிமா.

பாஸ்டர் கதவின் உயரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஏணி பின்னால இருக்குது," என்றார்.

எமிமா வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவி போட்டாள்.

"மாமா, என்ன கலரு சொன்னாரு?"

"கலரு சொல்லல பாப்பா. பெருசா வாங்கணும்னாரு. ஒட்டகத்துக்குக் கிட்டப்பார்வையாம்."

கடைத்தெருப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.