கொட்டைக்கரந்தையும் சின்னத்தாயின் மூக்கும்

சின்னத்தாய்க்கு வாசனை தெரியாது என்பது மூன்று வருடமாக அவளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கொரோனா போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு ஒருத்தி என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இவளுக்குப் பிழைப்பே மூக்கில் இருந்தது.

மதுரையில் வெள்ளைத்துரையின் நாட்டு மருந்துக் கடைக்கு வரும் பச்சிலைக் கட்டுகளைப் பிரித்து, இது சரக்கு, இது களை என்று ஒதுக்குவது அவள் வேலை. அதிலும் கொட்டைக்கரந்தைக்கு அவள் வைத்ததுதான் தீர்ப்பு. அறுப்பு முடிந்த வயலில் தானாக முளைக்கிற செடி அது. பூத்துவிட்டால் ஊதா உருண்டையைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். மருந்துக்கோ பூக்கும் முன்பே பறிக்க வேண்டும். அப்போது அதன் காட்டமான வாடைதான் அடையாளம். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வரும் கட்டுகளில் பாதி, வேறு ஏதாவது களைச்செடியாகத்தான் இருக்கும்.

மூக்கு போனதும் விரல்களைப் பழக்கிக்கொண்டாள். கரந்தைத் தண்டின் ஓரம் நெடுக, இலை விளிம்பு இறங்கிச் சேலைக் கரை மாதிரி ஓடும். தடவினால் போதும். ஒரு கட்டுகூடத் தப்பவில்லை. ஆனால் முதலாளிக்குப் பக்தியெல்லாம் மூக்கின்மேல். அதனால் தடவிவிட்டு, கண்ணைச் செருகி ஒரு இழுப்பு இழுப்பாள். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் அதை நடித்துக் காட்டியபோது சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

மாட்டிவிட்டது கூட வேலை பார்க்கும் பாண்டிமீனா. அடுப்பில் பால் தீய்ந்து கடையே நாறியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து சின்னத்தாய் நிம்மதியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அதைப் பாண்டிமீனா முதலாளியிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

வெள்ளைத்துரை அவளைச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எதிரே இரண்டு பொட்டலம் பொடி.

"ஒண்ணுதான் கரந்தை. தொடக் கூடாது. மோந்து சொல்லு."

பொடியில் தண்டு ஏது, தடவ? இந்த வேலை போனால் ஐம்பத்தைந்து வயதில் யார் சேர்ப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து, எந்தப் பொட்டலம் எது என்று முதலாளிக்கே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டையும் எடுத்து மோந்தார். கரந்தைப் பொடியை மோந்தவர்கள் முகம் சுளிக்காமல் இருந்ததே இல்லை. இவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"அண்ணே, கொஞ்சம் கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கண்ணே, சொல்றேன்."

அலமாரியிலிருந்து ஒரு கட்டிப் பெருங்காயத்தை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள்.

"இது என்னண்ணே?"

வெள்ளைத்துரை ஆழமாக இழுத்தார். "கரந்தைதான். சுத்தமான சரக்கு."

கண்ணைத் திறந்தவர் பெருங்காயத்தைப் பார்த்தார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் அந்தக் காய்ச்சல்ல போனதுதான் தாயி. உன் மூக்க நம்பித்தான் கடை ஓடுது."

"எனக்கு மூக்கு இல்லண்ணே. கைதான்."

ஒரு கரந்தைத் தண்டை எடுத்து அவர் விரலைப் பிடித்துத் தடவவைத்தாள். அவர் இரண்டு தடவை தடவினார். மூன்றாவது தடவை சிரித்தேவிட்டார். சின்னத்தாய்க்கு அழுகை வந்தது.

கதவைத் திறந்தால் வெளியே பாண்டிமீனா.

"என்னண்ணே, மூக்கு இருக்கா இல்லையா?"

வெள்ளைத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவ மூக்குக்கு நான் ஜாமீன். போ, போயி வேலையப் பாரு."