பதினான்காம் பக்கத்துச் சங்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போனேன். ஊர் சுற்ற இல்லை, ஒரு கையெழுத்து வாங்க. என் அக்கா மதுரையில் பள்ளி ஆசிரியை. மிக்கேல் என்ற சங்கு குளிக்கிறவரைப் பற்றிக் குழந்தைகளுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள். அவர் இறந்து பல வருடமாகிறது. அவருடைய மகள் ஜெசிந்தா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சு. திங்கள் காலைக்கு மெஷின் சொல்லியாயிற்று. அக்காவுக்குத் தேர்வு வேலை. படங்களைப் பக்கத்தில் பொருத்தியவன் நான் என்பதால் நான் கிளம்பினேன். படித்தது மெக்கானிக்கல், இந்த வேலை யூடியூப் பார்த்துக் கற்றது.

மாட்டுத்தாவணியில் 5.40 பஸ். தூத்துக்குடி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது 8.45. அங்கிருந்து திரேஸ்புரத்துக்கு ஆட்டோ 120 ரூபாய், சுமார் ஐந்து கிலோமீட்டர். “ஞாயித்துக்கிழமை பூச முடியாம அங்கன ஒருத்தரையும் பாக்க முடியாதே” என்றார் டிரைவர். இதை ஏறும்போதே சொல்லியிருக்கலாம். சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வரும்வரை பூட்டிய வீட்டு வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். உங்களுக்கான பாடம்: ஞாயிறு போங்கள், படகுகள் கரையில் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் பத்து மணிக்கு மேல் போங்கள்.

மிக்கேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். சின்னச் சங்கை எடுக்கக் கூடாது என்பது இந்தக் கரையில் பழைய விதி. ஆனால் அளப்பது கரைக்கு வந்த பிறகுதான். அதற்குள் பாதி செத்திருக்கும். மிக்கேல் ஒரு இரும்பு வளையத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முங்குவார். அடியிலேயே சங்கை வளையத்தில் விட்டுப் பார்ப்பார். உள்ளே புகுந்துவிட்டால் அது சின்னது, எடுத்த இடத்திலேயே மணலில் வைத்துவிட்டு வருவார். அந்தக் கரையில் அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான். ரொம்ப நாள் அவர் ஒருவர்தான். ஒரே அறை வீடு, ஒரு சைக்கிள், இரண்டு சட்டை. எனக்கு இதெல்லாம் சற்று மிகையாகவே தோன்றியது. அக்காவிடம் சொன்னேன், திட்டினாள்.

ஜெசிந்தா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், தையல் வேலை செய்கிறார். பூசைக்குக் கட்டிய சேலையோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வளையம் பற்றிய பக்கத்தில் சிரித்தார். பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். மிக்கேல் கையில் சங்கோடு படகில் உட்கார்ந்திருக்கும் படம். மூன்று நிமிடம் அதையே பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அந்தோணி எட்டிப் பார்த்தார். அவரும் சங்கு குளிக்கிறவர். படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

“ஏளா ஜெசி, ஒங்கப்பன் ஒளிச்சு வச்ச சாமானம் கடைசியில வெளிய வந்துட்டுல்லா.”

“நீரு சும்மா கெடயும்” என்றவர் என்னிடம் திரும்பினார். “தம்பி, இது வலம்புரி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எழுந்து போய் ஒரு சாதாரணச் சங்கைக் கொண்டுவந்து, படத்தில் இருப்பதுபோலவே வால்போல் நீண்ட முனை மேலேயும் வாய் எங்களைப் பார்த்தும் இருக்கும்படி பக்கத்தில் பிடித்தார். அதன் வாய் இடப்பக்கம். படத்தில் வலப்பக்கம்.

பத்து விநாடியில் விளங்கிவிட்டது. ஓவியர் சரியாகத்தான் வரைந்திருந்தார். அதில் மிக்கேல் இடப்பக்கம் பார்ப்பார். பதினான்கு இடப்பக்கத் தாள்; முகம் புத்தகத்துக்கு வெளியே பார்க்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும் என்று கற்றிருந்தேன். ஒரே கிளிக்கில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டேன். ஆளோடு சேர்ந்து சங்கும் திரும்பிவிட்டது. ஒரு போல்ட்டின் வரைபடத்தை இப்படித் திருப்பினால் மரை சுற்றும் திசை மாறிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சங்கிலும் மரை இருப்பது தோன்றவில்லை.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. “ஒரு சங்கை யாரு அக்கா இவ்வளவு உத்துப் பாக்கப் போறாங்க?” என்றேன்.

“இந்தக் கரையில ஒண்ணாப்புப் பிள்ள பாக்கும்” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். அப்பா அடியில் சங்கை வைத்துவிட்டு வருவதைப் பார்த்தவர்கள், வலம்புரி கிடைத்திருக்கிறது, மணலில் ஒளித்து வைக்கிறான், அப்புறம் தனியாக வந்து எடுப்பான் என்று கிளப்பிவிட்டார்களாம். லட்சத்தில் ஒன்று கிடைக்கிற சங்கு அது, எடுத்தவன் பணக்காரன். அதை விற்றுவிட்டு ஏழை வேஷம் போடுகிறான் என்று சாகும்வரை பேசியிருக்கிறார்கள். இவரைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட வலம்புரி எங்கே என்று கேட்டார்களாம்.

“இது பள்ளிக்கூடத்துக்குப் போவப்போவுது. எங்கப்பா போட்ட ரெண்டு சட்டையும் பொய்னு அச்சடிச்ச மாரி ஆயிரும், தம்பி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அந்தோணி சிரிப்பை நிறுத்திவிட்டார். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்ல வந்த நானும் நிறுத்திக்கொண்டேன். இரண்டு சட்டையை மிகை என்று நினைத்தவன் நான். அந்த மனிதர் விட்டுவிட்டு வந்ததையே எடுத்துக்கொண்டதாக ஊர் சொல்லியிருக்கிறது. நான் அதற்குச் சாட்சி தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். சங்கை மட்டும் வெட்டித் திருப்பிப் பார்த்தேன், விரல்கள் கோணிக்கொண்டன. கடைசியில் முழுப் படத்தையும் பழையபடி போட்டேன். மிக்கேல் தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வடிவமைப்பு விதிப்படி தப்பு. ஜெசிந்தா அக்காவிடம் அதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“வெளிய பாத்தா என்ன? அங்கனதான கடலு கெடக்கு” என்றார்.

அந்தோணி திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். “சாதாச் சங்குதான்” என்று தீர்ப்புச் சொன்னார். இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. ஆனால் பேனாவை எடுத்துக் கொடுத்தது அவர்தான். 12.10க்குக் கையெழுத்து ஆனது.

போகிறவர்களுக்கு: கரையில் நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் அவசியம். படகையோ ஆட்களையோ படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். எடுத்த படத்தைத் திருப்பிப் போடாதீர்கள். திரும்பும் வழியில் இந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கினால் பையின் மேலே வையுங்கள். என்னுடையது மதுரை வருவதற்குள் தூளாகிவிட்டது.

திங்கள் காலை 9.20க்கு அச்சகத்திலிருந்து போன். பதினான்காம் பக்கத்தில் ஆள் வெளியே பார்க்கிறாரே, ஒரு நிமிட வேலை, திருப்பிவிடட்டுமா என்று கேட்டார் அங்கிருந்த அண்ணன்.

“கையே வைக்காதீங்கண்ணே” என்றேன். மெஷின் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்கும்வரை லைனிலேயே இருந்தேன்.