தம்பிக்கு வைக்காத இலை

கனடாவிலை, வோபர்ன் பக்கம் ஒரு அமெரிக்கக் கிழவரை நாலு வருசமாப் பார்த்தன். குளிப்பாட்டிறது, மருந்து குடுக்கிறது, சாப்பாடு தீத்திறது என்ரை வேலை. வியட்நாம் சண்டைக்கு வரச்சொல்லிக் கடிதம் வர, இருபது வயசிலை ரொறன்ரோவுக்கு ஓடிவந்த மனிசன். அதைக் கேட்ட அண்டைக்கு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஈழத்திலை எங்கடை பெடியள் ஓட இடமில்லாமல் நிண்டவங்கள். உவருக்கு பஸ் ஏறி வர வழி இருந்திருக்கு. அவரின்ரை சூப்பை டக்கெண்டு மேசையிலை வைச்சிட்டு வந்திட்டன்.

ஒருநாள் அப்பாவின்ரை திவசச் சோறு கொஞ்சம் கொண்டு போனன். இதென்ன எண்டு கேட்டார். செத்தவைக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சு, வாழையிலையிலை படைச்சிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுறது எண்டன். உன்ரை தம்பிக்கும் படைப்பியோ எண்டார். சண்டை முடிஞ்ச நேரம் ஆமியிட்டைச் சரணடைஞ்சு, திரும்பி வராத என்ரை தம்பியைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்தன். இல்லை எண்டன். ஒருக்கா நான் அவனுக்குப் படைக்கிற கதையை எடுக்க, அம்மா அகப்பையாலை எறிஞ்சவ. படைச்சா அவன் செத்துப்போனான் எண்டாகிடும், பாருங்கோ.

அப்பத்தான் மனிசன் தன்ரை கதையைச் சொன்னார். அவருக்கும் ஒரு தம்பி. அண்ணன் ஓடினது குடும்பத்துக்கு வெக்கக்கேடு எண்டு தானாப் போய் ஆமியிலை சேர்ந்து, பத்தொன்பது வயசிலை வியட்நாமிலை செத்தவன். செத்தவீட்டுக்கு வந்திடாதை எண்டு தகப்பன் போன் எடுத்துச் சொன்னவராம். பிறகு அரசாங்கம் ஓடினவையை மன்னிச்சும் இவர் எல்லை தாண்டேல்லை. வாஷிங்டனிலை, அந்தச் சண்டையிலை செத்தவைக்கு வைச்ச கறுத்த நினைவுக்கல்லிலை தம்பியின்ரை பேர் வெட்டியிருக்காம். அதைப் போய்த் தொட்டுக்கூடப் பார்க்கேல்லை.

"அடுத்தமுறை அவனுக்கும் ஒரு இலை வைப்பியா? ரின்னிலை வாற பீச் பழம் எண்டா அவனுக்கு உயிர்."

பயந்தாங்கொள்ளி எண்டு மனசுக்குள்ளை ஏசின மனிசனுக்கு முன்னாலை விக்கி விக்கி அழுதன். வைக்கிறன் எண்டன்.

மாசியிலை அவர் போயிட்டார். செத்தவீட்டுக்கு நானும் பக்கத்து அப்பார்ட்மென்ற் மனிசியும் மட்டுந்தான்.

இந்தமுறை அப்பாவின்ரை திவசத்துக்கு மூண்டு இலை வைச்சன். அப்பாவுக்கு ஒண்டு, கிழவருக்கு ஒண்டு, பீச் பழத்தோடை அந்தத் தம்பிக்கு ஒண்டு. உவையள் ஆர் எண்டு அம்மா கேட்டா. அகப்பை பறக்கும் எண்டு ஒதுங்கி நிண்டுகொண்டு முழுக்கதையும் சொன்னன்.

அம்மா குசினிக்குள்ளை போய் இன்னொரு இலையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பெடியன்ரை இலைக்குப் பக்கத்திலை விரிச்சா. சோறு போட்டா. கத்தரிக்காய்ப் பொரியலை, முந்தி என்ரை தம்பிக்குப் போடுற மாதிரி, அள்ளி அள்ளி வைச்சா.

"வேண்டாம் அம்மா. அவன் வருவான்."

இத்தினை வருசமா அம்மா சொன்னதை அண்டைக்கு நான் சொன்னன். அவவின்ரை கையைப் பிடிச்சன். அவ மெல்ல விலக்கிப்போட்டு, இலைக்குப் பக்கத்திலை தண்ணியும் வைச்சா.

"எத்தினை வருசம் பிள்ளை, அவனைப் பட்டினி போட்டிட்டம்," எண்டா.