பச்சைத் தண்ணீர்

மாதையனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று எஸ்டேட்டில் கேலி செய்வார்கள். ஒன்று, ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் இலக்கியா. இன்னொன்று, தொண்ணூற்று நாலாம் வருஷத்து லாரி. இலக்கியாவை யாரும் எழுப்ப வேண்டியதில்லை, ஐந்து மணிக்குத் தானே எழுந்து புத்தகத்தை எடுத்துவிடுவாள். லாரியை எழுப்புவதுதான் பெரும்பாடு.

கார்த்திகை பிறந்துவிட்டால் நாகலூர்ப் பக்கம் விடிகாலைக் குளிர் எலும்பைத் தொடும். புது வண்டி என்றால் சாவியைத் திருப்பினதும் கிளம்பிவிடும். இது கிழட்டு டீசல் இன்ஜின். உள்ளே எல்லாம் தேய்ந்துபோய்விட்டது. குளிரில் செல்ஃப் அடித்தால் நாலு தடவை முனகும், ஐந்தாவது தடவைக்கு பேட்டரி படுத்துவிடும். அதனால் மாதையன் சாயங்காலமே ரேடியேட்டருக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுவார். பேட்டரியைக் கழற்றித் தூக்கிவந்து வீட்டுக்குள் அடுப்பங்கரையில் வைத்து, மேலே சாக்கைப் போர்த்துவார். விடிகாலை நாலரைக்கு அவர் மனைவி வேலம்மாள் விறகடுப்பைப் பற்றவைத்து அண்டாவில் வெந்நீர் போடுவாள். நாலு குடம் வெந்நீர் ரேடியேட்டருக்கு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கு, டீசல் பம்புக்கு. பிரசவம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு வெந்நீர் கேட்க மாட்டார்கள். பத்து நிமிஷம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் லாரி இருமிக்கொண்டே கிளம்பும். ஆறரைக்கு முப்பது பேர் ஏறிக் காப்பிப்பழம் பறிக்கப் போவார்கள்.

இது எதுவும் முதலாளி கிங்ஸ்டனுக்குத் தெரியாது. பங்களாவில் படுத்தபடி அவர் கேட்பது ஹாரன் சத்தம் மட்டும்தான். தெரியாமல் பார்த்துக்கொண்டதும் மாதையன்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனின் கடைசியில், கரண்டும் தண்ணீர்க் குழாயும் உள்ள இரண்டு அறை வீட்டுக்கு ‘டிரைவர் வீடு’ என்று பெயர். லாரி ஓடும்வரைதான் அதற்கு டிரைவர், டிரைவர் இருக்கும்வரைதான் அவருக்கு அந்த வீடு. சமவெளியில் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா மலையேறி வந்ததோடு சரி, கீழே அவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. பதினேழு வயதில் லாரியில் மூட்டை ஏற்ற வந்தவர், ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பத்தொன்பது வருஷமாகிறது.

நல்ல மனுஷன். ஆனால் வாயில் எப்போதும் கொழுக்கட்டை. வேலம்மாள் பத்து வார்த்தை பேசினால் ‘ம்’ என்பார். வீட்டில் பேசாததையெல்லாம் லாரியிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த வாயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், தண்ணீரை வடித்து பேட்டரியை உள்ளே வைத்த பிறகு, கிங்ஸ்டன் அவரை ஸ்டோருக்குக் கூப்பிட்டு அனுப்பினார். குப்பனூரில் செங்கல் சூளை வைத்திருக்கும் மூக்கன் காலையில் முதல் பஸ்ஸில் லாரியைப் பார்க்க வருகிறாராம். குளிரில் ஒரே செல்ஃப்பில் கிளம்பினால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சாம். அந்தப் பணத்தோடு சேர்த்துப் புது பிக்கப் எடுக்கப் போவதாகவும், அக்கா மகன் ஷெர்வின்தான் அதை ஓட்டப் போவதாகவும் கிங்ஸ்டன் சொன்னார். ஷெர்வினுக்கு இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது, குடியிருக்க வீடு வேண்டும்.

“பொங்கலுக்குள்ள வீட்டை ஒழிச்சுக் குடுத்துரு மாதையா. அவரு வண்டிய வாங்கலேன்னா வேற வழியில்லை, பறிப்பு முடியற வரைக்கும் இதையே ஓட்டுவோம். மார்ச் முடிஞ்சு பார்த்துக்கலாம்.”

மார்ச்சில்தான் இலக்கியாவுக்குப் பொதுத்தேர்வு. பொங்கலுக்கு வீட்டைக் காலி செய்தால் எங்கே போவது, எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் படிப்பாள்? மற்ற லைன் வீடுகளில் பாதி இடிந்து கிடந்தன, மீதியில் வடக்கத்தி ஆட்கள் குடியிருந்தார்கள். மார்ச் வரைக்கும் வீட்டை விட்டுவையுங்கள் என்று மாதையன் அப்போதே காலில் விழுந்தாவது கேட்டிருக்கலாம். அவர் வாயிலிருந்து “சரிங்க” என்பதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்தும் வேலம்மாளிடம் சொல்லவில்லை. லாரியைப் பார்க்க நாளைக்கு ஆள் வருவதாக மட்டும் சொன்னார், வீட்டுப் பேச்சை விழுங்கிவிட்டார். இரவெல்லாம் புரண்டு ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். லாரி நாளைக்குக் கிளம்பக் கூடாது. அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், தினமும் செய்வதைச் செய்யாமல் விட்டால் போதும்.

காலையில் எழுந்து பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினார். அது இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் தொட்டியில் இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீரை மொண்டு ரேடியேட்டரில் ஊற்றி மூடியைத் திருகினார். தண்ணீர் பனிக்கட்டிபோல விரலை வலிக்கவைத்தது. வலியைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வண்டிக்கு அவர் செய்த முதல் துரோகம் அது. அடுப்பில் அண்டா ஏறியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல, “பஸ்ஸுக்குப் போறன்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பஸ் தாமதமாக வந்தது. வந்த மூக்கனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போதாதென்று இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தார். பச்சைத் தண்ணீர் இன்ஜினுக்குள் நன்றாக இறங்கட்டும் என்று மெதுவாகவே கூட்டிவந்தார். ஏழு மணிக்கு மேலாகியும் மூடுபனி விலகவில்லை. லாரிக்குப் பக்கத்தில் கிங்ஸ்டன் ஸ்வெட்டருக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பறிக்கப் போகும் பெண்கள் கூடையோடு ஓரமாக நின்றார்கள்.

மூக்கன் விவரமான ஆள். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றப் பார்க்கிறார்களா என்று பானெட்டைத் தொட்டார். பனி ஈரம். குனிந்து சைலன்சரைத் தொட்டார், ஜில்லென்றிருந்தது. திருப்தியோடு ஏறி உட்கார்ந்தார்.

மலைமேலிருக்கும் சேர்வராயர் சாமியை எத்தனையோ காலையில் மாதையன் வேண்டியிருக்கிறார், வண்டி கிளம்ப வேண்டும் என்று. கிளம்பக் கூடாது என்று வேண்டியது அன்றைக்குத்தான். மூக்கன் சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஒரு சுற்றுச் சுற்றியது. லாரி கிளம்பிவிட்டது.

முனகல் இல்லை, இருமல் இல்லை. குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பி, சத்தம் ஒரே சீராகக் கேட்டது. மாதையன் கைக்கு ஒருநாளும் இவ்வளவு சுலபமாகக் கிளம்பியதில்லை. மூக்கன் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கிவந்தார், கிங்ஸ்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதையன் வண்டியின் முன்பக்கம் போனார். குனிந்தபோது ரேடியேட்டருக்கு அடியில் மண் புதிதாகச் சேறாகிக் கிடந்தது தெரிந்தது. யாரோ தண்ணீரை வடித்திருக்கிறார்கள்.

வேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் வந்தாள். விரலெல்லாம் கரி. பின்னால் இலக்கியா காலிக் குடத்தோடு நின்றாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பச்சத்தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டீங்களாட்ட இருக்குது,” என்றாள் மெதுவாக. “தொட்டுப் பாத்தன், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க. நாலு பேருக்கு முன்னால நீங்க தலகுனிஞ்சு நிக்கோணுமான்னு, இலக்கியாக் கண்ணும் நானும் அத்தனையும் வடிச்சு உட்டுட்டு வெந்நித் தண்ணி ஊத்துனோம். பம்புக்குச் சாக்கும் போட்டு, பஸ் சத்தம் கேட்டதும் எடுத்துட்டோமுங்க.”

“படிக்கிற நேரத்துல அவள எதுக்கு...” என்றார் மாதையன்.

“ஒரு நாள் படிக்காட்டி என்னங்க. இப்ப மொதலாளி மனசு நொம்பக் குளுந்திருக்கும். அந்தப் புள்ள படிக்கற எடத்துல ஊடு ஒழுகுதில்லீங்களா, கூரைச் சீட்ட மாத்திக் குடுக்கச் சொல்லி இப்பவே கேட்டுருங்க.”

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். லாரி சத்தத்துக்கு நடுவே, ஷெர்வின், பொங்கல், மார்ச் என்று உடைந்து உடைந்து சொல்லி முடித்தார். வேலம்மாள் அழவில்லை. கரிக் கையைத் திரும்பவும் முந்தானையில் துடைத்தாள்.

“அப்ப பச்சத்தண்ணிய தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?”

மாதையன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க.”

லாரிக்குப் பக்கத்திலிருந்து மூக்கன் கையசைத்துக் கூப்பிட்டார். கொண்டையூசி வளைவுகளில் அந்த பிரேக்கை நம்பி இறக்கப் பழகிய கைதான் சரிப்படும், குப்பனூர் வரைக்கும் டிரைவரே கொண்டுவந்து விடட்டும் என்று முதலாளியிடம் பேசிவிட்டாராம். இலக்கியா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். மாதையன் ஏறி உட்கார்ந்து கியர் போட்டார்.